யூரோப்பியம் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது?

ஒளிரும் ஆக்சைடு நானோத்துகள்கள் குறித்து இந்தியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றில் துகளின் அளவு சுருக்கவுரையிலேயே இடம்பெற்றுவிடுகிறது. மாசூட்டிய அயனி துகளுக்குள் எங்கே அமர்ந்திருக்கிறது என்ற கேள்விக்குத்தான் விடை கிடைப்பதில்லை. அருமண் அயனிகளைப் பொறுத்தவரை, முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு குவாண்டம் புள்ளிகளுக்காக வழங்கப்பட்டது. அவற்றின் நிறத்தைத் துகளின் அளவு தீர்மானிக்கிறது. யூரோப்பியத்தின் நிலை வேறு. அதன் 4எஃப் எலக்ட்ரான்களை வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மறைத்துக் காப்பதால், துகள் சிறுத்தாலும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. ஒளியின் செறிவையும் நிறமாலையின் வடிவையும் முடிவுசெய்வது அயனியைச் சூழ்ந்துள்ள அமைப்பு.

கனசதுர இட்ரியம் ஆக்சைடின் ஓர் அலகுக்கூட்டில் நேரயனிகளுக்கு 32 இடங்கள் உள்ளன. அவற்றுள் 8 இடங்கள் சமச்சீர் மையம் உடையவை. 24 இடங்கள் அது இல்லாதவை. புகழ்பெற்ற 611 நானோமீட்டர்ச் சிவப்பொளி பின்னவற்றிலிருந்தே எழுகிறது. மேலும், 5 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் வெளிப்புற அரை நானோமீட்டர் ஓடு மட்டுமே கனஅளவில் ஏறத்தாழப் பாதி. யூரோப்பியம் அங்கே ஒதுங்கிவிட்டால், மேற்பரப்பில் ஒட்டியுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் அதன் ஆற்றலை அதிர்வுகளாகப் பறித்துக்கொள்ளும்.

இந்த உள்ளமைப்பு தொகுப்பின்போதே உருப்பெறுகிறது. அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், சொட்டு விழும் இடத்தில் காரத்தன்மை திடீரென உயரும். வீழ்படிவின் சீர்மை கெடும். யூரியாவோ சூடேறும்போது மெல்லச் சிதைந்து, கரைசல் முழுவதும் காரத்தன்மையைச் சீராக உயர்த்தும். 1988இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ்லியும் பாட்டீலும் அலுமினாவுக்கென வெளியிட்ட எரிதல் முறை, இன்று ஒளிர்பொருள் ஆய்வகங்களில் பரவலாகக் கையாளப்படுகிறது. சில நிமிடங்களில் முடியும் அவ்வினையில் எரிபொருளுக்கும் நைட்ரேட்டுக்கும் இடையிலான விகிதம் மாறினால் சுடரின் வெப்பநிலை மாறும். படிகத்தின் ஒழுங்கும் மாறும். பின்னர் உலையில் சுடுவது குறைகளைக் களையும், துகளையும் வளர்த்துவிடும்.

இவ்வளவும் நிகழும் இடத்தில், எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் வேற்றுக்கட்டம் தென்படவில்லை என்பதையே மாசூட்டலின் வெற்றியாகக் கொள்வது போதாது. சில விழுக்காடே உள்ள மாசு சிறு கொத்துகளாகப் பிரிந்திருந்தாலும் அவ்வரைபடம் அதைக் காட்டாமல் போகலாம்.

உயர்தரக் கருவிகள் எல்லா ஆய்வகங்களுக்கும் எட்டுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் யூரோப்பியமே ஓர் உளவுக்கருவி. ஏறத்தாழ 590 நானோமீட்டரில் எழும் காந்த இருமுனை உமிழ்வின் செறிவு சூழலால் அதிகம் மாறுவதில்லை. அதனோடு 611இன் செறிவை ஒப்பிட்டு, ஒளிர்வு தேயும் காலத்தையும் அளந்தால், அயனியின் சூழல் பற்றிப் பெருமளவு தெரிந்துவிடும். இவற்றுக்கு ஓர் ஒளிர்வு நிறமாலைமானி போதும்.

எரிபொருள் விகிதம், கலத்தின் கொள்ளளவு, சூடேற்றிய வேகம், ஆறவிட்ட விதம் ஆகியவை எழுதப்படாத ஆய்வேட்டை நம்பி, அடுத்து வரும் மாணவர் அதே துகளை மீண்டும் உருவாக்க இயலாமல் மாதக்கணக்கில் திணறுகிறார். உதவித்தொகைக் காலமோ நீள்வதில்லை. நெறியாளரும் தேர்வாளரும் வாய்மொழித் தேர்வில் துகளின் அளவைக் கேட்குமுன் அயனியின் இடத்தைக் கேட்கத் தொடங்கினால், செய்முறைக் குறிப்புகள் தாமே திருந்தும்.