தாத்தாவின் புல்லட்டை எழுப்பும் முன்...

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், மீன்சுருட்டி பக்கத்துக் கிராமங்களில் வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ திண்ணை ஓரத்திலோ தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு பழைய புல்லட் நிற்பது அபூர்வமான காட்சி அல்ல. ஒரு காலத்தில் தெருமுனையில் அதன் 'டுப் டுப்' சத்தம் கேட்டாலே, "அப்பா வந்துட்டாரு" என்று பிள்ளைகள் பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்திருப்பார்கள். ஓட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி மட்டும் மிச்சம். கோழி அதன் சீட்டில் ஏறி உட்காருகிறது. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் எடைக்குக் கேட்டுவிட்டுப் போகிறார்.

அந்த வீட்டுப் பேரனுக்கு இப்போது ஓர் ஆசை. நாலு வீடியோ பார்த்துவிட்டு, "நானே பிரிச்சு, நானே சேர்த்துடுறேன்" என்கிறான். நல்ல ஆசைதான். ஆனால், உற்சாகத்தில் ஸ்பேனரை எடுத்த பலருடைய வண்டி, மூன்று சாக்கு மூட்டை உதிரி பாகங்களாகவே நின்றுவிடுகிறது. எந்த வேலை முதலில், எது கடைசியில் என்ற வரிசைதான் வண்டி ஓடுமா, இரும்புக் கடைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

நம்ம ஊர் வண்டி

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில் என்றாலும் வளர்ந்தது சென்னைத் திருவொற்றியூரில். 1950-களில் எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளை வாங்க முன்வந்தது. அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும், ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. 1970-ல் இங்கிலாந்தில் கடை கட்டிவிட்டார்கள். திருவொற்றியூர் மட்டும் நிற்கவில்லை. 1977-ல் அந்த இங்கிலாந்துக்கே நம் புல்லட் ஏற்றுமதியானது.

வீட்டிலேயே வேலை பார்க்க நினைப்பவருக்கு இந்த வரலாற்றில் ஒரு லாபம் உண்டு. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட அந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறவே இல்லை. அதனால் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. திருச்சியில் கிடைக்காவிட்டால், சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ தேடலாம். மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கும், 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கும் ஒரிஜினல் பாகம் தேடுவது இதைவிடச் சிரமம். ஆனால், கீழே சொல்லும் வரிசை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

முதல் வேலை, ஆர்.சி. புத்தகம்

வண்டியைத் துடைப்பதற்கு முன் பீரோவைத் துழாவுங்கள். ஆர்.சி. புத்தகம் வேண்டும். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், அதற்குக் காரணம் தெரியும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். வெளியில் பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பேப்பர் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், சாலையில் ஓட்ட முடியாத பொம்மைதான்.

ஜெயங்கொண்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 1995 வரை இந்தப் பகுதி திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2007 முதல் அரியலூர் தனி மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, வண்டியின் கோப்பு மட்டும் டி.என்.45-ல் இருக்கிறதா, டி.என்.46-ல் இருக்கிறதா, டி.என்.61-க்கு வந்துவிட்டதா என்று தேட வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு பதிவான வண்டி என்றால், அதன் விவரம் இணையப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். சட்டப்படி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டிய இந்த வேலையை, நம் வீடுகளில் முப்பது வருடமாகத் தள்ளிப்போட்டிருப்போம். வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டியிருக்கும். "அப்பா வண்டி எனக்கும்தான்" என்று சென்னையிலிருக்கும் சித்தப்பா சொல்ல வாய்ப்பு உண்டு. அந்தப் பேச்சை, இரண்டு வருடம் உழைத்து வண்டி பளபளப்பான பிறகு பேசினால் மனக்கசப்பு வரும். துருப்பிடித்து நிற்கும்போதே பேசி முடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் கட்டணம், பசுமை வரி எவ்வளவு என்று விசாரித்து, செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. ஆனால், அப்படிப் பதிவு செய்த வண்டியை கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் கடைத்தெருவுக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு அது சரிப்படாது.

கல்லும் இரும்பும்

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, அந்தக் கோயிலின் மதிலிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணை வயலுக்குத் தண்ணீர் தந்தது உண்மை. ஆனால், அந்த மதில் திரும்ப வரவில்லை. உலகமே வந்து பார்க்கும் கோயிலைச் சுற்றி அந்த வெறுமை இன்றும் தெரிகிறது.

பழைய வண்டி விஷயத்திலும் இதே தவறுதான் நடக்கிறது. "இது துரு, இது ஓட்டை, புதுசு போட்டுக்கலாம்" என்று ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போகும். கடைசியில் நிற்பது, பழைய நம்பர் பிளேட் மாட்டிய புது வண்டி. மட்கார்டு, டூல் பாக்ஸ், ஹெட்லைட் கூடு, ஆம்பியர் மீட்டர் போன்றவை துருப்பிடித்திருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். கனமான பழைய தகட்டை நல்ல டிங்கரிங்காரர் சரிசெய்துவிடுவார். இன்று கிடைக்கும் மாற்றுத் தகடு பெரும்பாலும் மெலிசு. புதிது வாங்கியே ஆக வேண்டும் என்றாலும், அதைப் பொருத்திப் பார்த்துச் சரியாக இருந்த பிறகுதான் பழையதைக் கையைவிட்டு அனுப்ப வேண்டும்.

சேஸிஸை அறுத்து, சீட்டைக் குறுக்கி, ஹேண்டில்பாரை மாற்றும் மோகமும் இளைஞர்களிடம் இருக்கிறது. நிறுவனம் தயாரித்த அமைப்பிலிருந்து மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தாத்தாவின் வண்டியைத் தாத்தாவின் வண்டியாகவே வைத்துக்கொள்ள சட்டமும் துணை நிற்கிறது.

போன் கேமராவும் முறுக்கு டப்பாவும்

பிரிப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒன்று, கழற்றிய பின் ஒன்று. குறிப்பாக, வயரிங்கும் கேபிள்கள் போகும் பாதையும். ஆறு மாதம் கழித்து 'இந்த வாஷர் எங்கே இருந்தது?' என்ற கேள்விக்குப் பதில் அந்த போட்டோவில்தான் இருக்கும். போல்ட், நட்டுகளை மொத்தமாக ஒரு வாளியில் போடாதீர்கள். காலி முறுக்கு டப்பாக்களை அம்மாவிடம் கேட்டு வாங்கி, 'முன் சக்கரம்', 'கிளட்ச்', 'கார்புரேட்டர்' என்று எழுதி ஒட்டிப் பிரித்து வையுங்கள்.

எஞ்சினை எழுப்பும்போது அவசரம் கூடாது. பல வருடம் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் கிக்கரை உதைத்தால், ஒட்டிக்கொண்ட ரிங் உடையலாம், சிலிண்டர் கீறலாம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை விட்டு, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் மறுபடி ஊறட்டும். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. பழைய ஆயிலை மாற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்தாலே பல எஞ்சின்கள் குரல் கொடுத்துவிடும். சிலிண்டர் போர் அடிப்பது, கிராங்க் வேலை போன்றவற்றை வீட்டில் முயல வேண்டாம். அதற்கென்று லேத் பட்டறைகள் இருக்கின்றன.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

மூன்று விஷயங்களில் விளையாட்டு கூடாது. ஒன்று, பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசி. அந்தக் கால பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. வாயால் ஊதக் கூடாது, காற்றடித்தும் சுத்தம் செய்யக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இரண்டு, பெட்ரோல் டேங்க். 'காலியாத்தான் இருக்கு' என்று வெல்டிங் வைக்கக் கொடுப்பது வெடிகுண்டோடு விளையாடுவது மாதிரி. உள்ளே தங்கியிருக்கும் ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். டேங்கை முறையாகக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்த பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். உள்பக்கத் துருவுக்கு, வினிகர் ஊற்றி ஊறவைத்து, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவலாம். உடனே நன்றாக உலர்த்த வேண்டும்.

மூன்று, இன்றைய பெட்ரோல். 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் டியூபையும் சீல்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால், டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

பெயின்ட் கடைசியில்

ஆசை முதலில் போவது பெயின்டுக்குத்தான். ஆனால் பிரேக், டயர், சக்கர பேரிங், லைட், பிறகு எஞ்சின், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயின்ட் என்பதே சரியான வரிசை. நிற்காத வண்டி பளபளத்து என்ன பயன்? ஒரிஜினல் நிறம் தெரிய வேண்டுமா? சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். வெயில் படாத இடத்தில் அது ஒளிந்திருக்கும். பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்க்கும்போது, சேஸிஸ் எண் பக்கம் கை போகவே கூடாது. எண் மங்கினால் ஆர்.டி.ஓ. ஆய்வில் பதில் சொல்ல முடியாது. திருவொற்றியூரில் டேங்க்கின் தங்கக் கோட்டைக் கையால்தான் வரைந்தார்கள். அது மங்கலாகவேனும் மிஞ்சியிருந்தால், மேலே ஸ்டிக்கர் ஒட்டுவதற்குமுன் ஒருமுறை யோசியுங்கள்.

வெள்ளோட்டம் தெருவில் வேண்டாம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டியில் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும். காலி மைதானத்தில் பத்து நாள் பழகிய பிறகு, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஹெல்மெட்டோடு சாலைக்கு வரலாம்.

கிக்கரை உதைக்கும் வித்தையை மட்டும் எந்தப் பட்டறையிலும் தேட வேண்டாம். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிட்டு, கிக்கரை மேலே விட்டு ஒரே உதை. ஊரில் அந்தக் காலத்தில் புல்லட் ஓட்டிய பெரியவர் யாராவது இருப்பார். அவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே அந்த வண்டி எங்கெல்லாம் போனது, யார் யார் அதில் உட்கார்ந்தார்கள் என்பதையும் கேட்டு, மாற்றிய பாகங்களின் பட்டியலோடு ஒரு நோட்டில் எழுதி டூல் பாக்ஸில் வைத்துவிடுங்கள். இன்னும் முப்பது வருடம் கழித்து ஸ்பேனரை எடுக்கப்போகிற பிள்ளைக்கு அது உதவும்.