ஆராய்ச்சி அங்கே, ஜனாஸா இங்கே!

போன ரமளானுக்கு முந்தைய வாரம் ஓர் இளம்பெண்ணின் ஜனாஸா தொழுகையை நடத்தினேன். பிரசவமாகி ஒன்பதாம் நாள். காய்ச்சல் வந்து இரண்டு நாள் வீட்டிலேயே மாத்திரை. மூன்றாம் நாள் ஒரு மருத்துவமனை, அங்கிருந்து இன்னொன்று. நகை முழுவதும் அடகுக்குப் போன பிறகு மய்யித் வீடு வந்து சேர்ந்தது. சான்றிதழில் காரணம், 'இதயம் நின்றது'.

"ஹஜ்ரத், இருபத்து மூணு வயசுல எப்படி இதயம் நிக்கும்?" என்று அந்தப் பெண்ணின் அத்தா கேட்டார். அல்லாஹ்வின் நாட்டம், பொறுமை கொள்ளுங்கள் என்றேன். சொன்னது சரிதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் அல்ல என்பது எனக்கும் தெரியும்.

பிறகு மருத்துவச் சகோதரர் ஒருவர் விளக்கினார். நோய்க்கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் சக்தியே நிலைகுலைந்து, சிறுநீரகம், நுரையீரல், மூளை என ஒவ்வொன்றாகத் தாக்குகிறது. 'இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது' என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் செப்சிஸ். கடைசியில் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். அதையே சான்றிதழில் எழுதிவிடுகிறார்கள். எழுதப்படாத நோய் கணக்கில் வராது. கணக்கில் வராத நோய்க்கு எந்த அரசாங்கம் நிதி ஒதுக்கும்?

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 4 கோடியே 89 இலட்சம் பேரை இது தாக்கியது, 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020 ஜனவரியில் 'லான்செட்' இதழ் கணக்கு வெளியிட்டது. ஐந்து மரணங்களில் ஒன்று! பாதிக்கப்பட்டோரில் சுமார் 85 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாட்டு மக்கள். ஆனால் எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்வது யார்? 2018இல் அமெரிக்க, ஐரோப்பிய தீவிர சிகிச்சை மருத்துவர்களின் குழு ஒன்று முன்னுரிமைப் பட்டியல் வெளியிட்டது. ஆளுக்கேற்ற சிகிச்சை, துரிதப் பரிசோதனை, டிரிப்ஸ் எவ்வளவு, பிழைத்தவர்களின் பிற்கால நிலை... நல்ல கேள்விகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவை ஐ.சி.யு. கதவுக்கு உள்ளே நின்று கேட்கப்பட்டவை. நம் பெண் அந்தக் கதவை அடையவே நான்கு நாள் ஆனதே!

அங்கே எழுதிய சட்டம் இங்கே செல்லுமா? ஆப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இரத்த ஓட்டம் குன்றிய நிலையில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு டிரிப்ஸை வேகமாக, அதிகமாக ஏற்ற வேண்டும் என்பது அன்றைய மருத்துவ விதி. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். ஏற்றப்படாதவர்களில் ஏழு பேர்! காப்பாற்றும் என்று நம்பியது கொன்றிருக்கிறது. ஜாம்பியாவில் பெரியவர்கள் 212 பேரிடம் இதே போன்ற முறையைச் சோதித்து 2017இல் வந்த முடிவு இன்னும் மோசம்: 48 சதவீத மரணம், வழக்கமான சிகிச்சையில் 33. வென்டிலேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரின் விதி, அது இல்லாத ஊரில் விஷமாகலாம். இங்கேயே சோதிக்காமல் எப்படித் தெரியும்?

இப்படி ஒப்பிட்டுச் சோதிப்பது ஐரோப்பா கற்றுத்தந்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பாக்தாதின் மருத்துவமனையில் பணியாற்றிய அர்ராஸி, மூளைக் காய்ச்சல் கண்டவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் வடித்தார். இன்னொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே வடிக்காமல் விட்டு ஒப்பிட்டார். அவருடைய முடிவு இன்று செல்லாது. வழிமுறைதான் நமக்குச் சொத்து. மேடையில் அவர் பெயரை முழங்குகிறோம், அவர் செய்ததைச் செய்ய மாட்டோம்!

மலிவான விடைகள் நம் மண்ணிலேயே கிடைக்கும். ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. நன்மை செய்யும் நுண்ணுயிரை ஒரு வாரம் வாய்வழியாகக் கொடுத்ததில், செப்சிஸும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. இதன் செலவு சொற்பம். மறுபுறம், பல ஆயிரம் டாலர் விலையில் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செப்சிஸ் மருந்து ஒன்று, பயனில்லை என்று தெரிந்து 2011இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

நம் தவறும் உண்டு. சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி, இரண்டு வேளையோடு நிறுத்துகிறோம். பிறகு ஐ.சி.யு.வில் எந்த மருந்தும் கேட்பதில்லை. இதற்காகவே 2012இல் 'சென்னைப் பிரகடனம்' வந்தது. அதை ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். வாரியத் தலைவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தும் நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

"நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்கள்" என்ற அச்சம் நம் மக்களிடம் இருக்கிறது. ஏழைகள் ஏமாற்றப்பட்ட நாடு இது, அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்காக ஓடி ஒளிந்தால் பதில் கிடைக்குமா? 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள், அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாதோருக்கும் இடம் தருகின்றன. சமூகவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி வரிசையில் மார்க்க அறிஞரும் அங்கே அமரலாம்! அந்த நாற்காலிக்குத் தகுதியான ஆலிம்களை நாம் தயார் செய்திருக்கிறோமா? ஹைலு, நிஃபாஸ் சட்டங்களை ஆண்டுக்கணக்கில் ஓதிக் கொடுக்கும் நாம், பிரசவித்த பெண்ணுக்குக் காய்ச்சலும் மூச்சு வாங்குவதும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று ஒரு ஜும்ஆவில் சொன்னதுண்டா? நானே சொன்னதில்லை.

மாவட்டப் பொதுக்குழுவுக்குத் தீர்மானம் எழுதியிருக்கிறேன். காய்ச்சல் கண்டவர் மாவட்ட மருத்துவமனைக்கு வந்து சேரும் வரை எங்கெங்கே நேரம் போகிறது, முதல் ஊசி எப்போது போடப்படுகிறது, ஐ.சி.யு. இல்லாத இடத்தில் எந்தச் சிகிச்சை காக்கிறது என்பதை அரசு மருத்துவக் கல்லூரிகள் ஆராய நிதி ஒதுக்க வேண்டும். மரணச் சான்றிதழில் மூல நோயை எழுத வேண்டும். நம் ஆம்புலன்ஸ்களின் நேரக் குறிப்புகளை ஆய்வுக்கு நாமே தர வேண்டும். முன்மொழிய அந்தப் பெண்ணின் அத்தாவைக் கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.