பாதியில் நின்ற நாடகம்

கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்த கையோடு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வேலூர் ரோட்டோரக் கடைகளில் அகல்விளக்கு இருந்த இடத்தில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். கடைக்காரருக்கு இரண்டும் சரக்குதான். பௌர்ணமிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று பிழைக்கிறவர் அவர். ஆனால் டிசம்பர் பிறந்தால் நம் பிரசங்கங்களில் திட்டு வாங்குவதும் அவர்தான். உலகம் கிறிஸ்துமஸைப் பிடுங்கிக்கொண்டது என்று போதகர் சொல்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு, வரும் வழியில் பிளம் கேக்குக்கு ஆர்டர் கொடுக்கிறோம்.

அந்தத் திட்டு யார் மேல் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்துக் கிராமச் சபைகள் பலவும் காலனிகளில் எழுந்தவை. டேனிஷ் மிஷன் வழியே வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் மக்களில் எத்தனையோ பேருக்குக் கிறிஸ்துமஸ் துணிதான் வருஷத்தின் ஒரே புதுத்துணி. செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், மடிப்புக் கலையாத சட்டையோடு கோவிலுக்குப் போகிறார்கள். அதை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்தச் சட்டை குழுக்கடனில் வந்திருந்தால், பேச வேண்டியது வட்டியைப் பற்றி.

நம் கட்சி வேறு. சந்தை நம்மிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. விலை போகக்கூடிய பாகத்தை நாமே வெட்டிக் கொடுத்தோம். குழந்தை விற்கும், நட்சத்திரம், தேவதூதர், ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்கள், எல்லாம் விற்கும். நிறைமாதக்காரியை நெடுந்தூரம் அலையவிட்ட ரோமப் பேரரசின் குடிமதிப்பு விற்காது. ஆள்பவர்கள் அரியணையிலிருந்து இறக்கப்படுவார்கள், செல்வர்கள் வெறுங்கையோடு அனுப்பப்படுவார்கள் என்று மரியாள் பாடியதும் விற்காது. கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடிய அகதிக் குடும்பத்தை எந்த வாழ்த்து அட்டை நிறுவனம் அச்சடிக்கும்?

ஞாயிறு பள்ளி நாடகத்தைப் பாருங்கள். பையன்கள் அடித்துக்கொள்வது ஏரோது வேஷத்துக்குத்தான். அட்டைக் கிரீடம், ஒட்டு மீசை, மைக் கிழியும்படி ஒரு கத்தல். கத்திவிட்டு அவன் உள்ளே போனதும் திரை விழுகிறது. அடுத்து மேடைக்கு வருபவர் கிறிஸ்துமஸ் தாத்தா. மத்தேயு இரண்டாம் அதிகாரம் பாதியில் நின்றுபோகிறது; பெத்லகேமின் குழந்தைகளை ஏரோது கொன்றது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது.

பழைய சபை இப்படி நிறுத்தியதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் காத்திருப்பின் காலம். பீடத்துக்கு ஊதா நிறம் போர்த்துவார்கள். பண்டிகையின் மறுநாளே, 26-ஆம் தேதி, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28-ஆம் தேதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே இரண்டு சாவுகளை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். நாமோ நவம்பர் கடைசியிலேயே கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பித்து 25-ஆம் தேதி மதியம் பிரியாணியோடு முடித்துவிடுகிறோம். இடையில் எல்லாக் கட்சிகளும் வைக்கிற கிறிஸ்துமஸ் விழாக்களுக்குப் போய், கேக் வெட்டும் தலைவரின் பின்னால் அங்கியோடு நின்று படம் எடுத்துக்கொள்வதும் உண்டு. அரியணை பற்றிய மரியாளின் பாட்டை அந்த மேடையில் பாடச் சொன்னால் தெரியும்.

தடை போடுவதும் வழியாகாது. 1659-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றார்கள். 1681-இல் அந்தச் சட்டமே போய்விட்டது. அசிசி பிரான்சிஸ் 1223-இல் கிரெச்சோவில் செய்தது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். நிஜ வைக்கோல், நிஜ மாடு, கழுதை. கடவுள் பிறந்த இடத்தின் ஏழ்மையை ஜனங்கள் கண்ணால் பார்க்க வைத்தார். அந்தக் குடில்தான் இன்று தெர்மாகோலில், பல்பு வைத்து, ரெடிமேடாக வருகிறது.

நம் மலைக்கே அப்படி ஒருவர் வந்தார். பிரெஞ்சு பெனடிக்டின் துறவி ஆன்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர். 1949-இல் ரமணரைக் காண வந்தவர், 1950-களில் அருணாசலத்தின் குகைகளில் பலமுறை தங்கினார். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தை ஜூல் மோன்ஷனேனோடு சேர்ந்து தொடங்கியவரும் அவரே. ஒன்றுமில்லாமல் கடவுள்முன் உட்கார்ந்த அந்தத் துணிவை மதிக்கிறோம். ஆனால் பள்ளிக்கட்டணமும் வீட்டு வாடகையும் உள்ளவர்களுக்குக் குகை ஆகாது. தவிர, மலையின் அடிவாரத்தில் வீடுகள் இருக்கின்றன.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபை நாட்காட்டிப்படி அந்த ஆண்டின் முதல் திருவருகை ஞாயிறு. காலையில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வந்த ஊர் இது. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் செய்தியில் அந்தத் தெரு எத்தனை கோவில்களில் இடம்பெற்றது? இந்த மறதி புதிதல்ல. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அந்த நாளைச் செங்கொடிக்காரர்கள் வருஷம் தவறாமல் நினைக்கிறார்கள். பாலகன் பிறந்த இரவு அது என்பதை நாம்தானே முதலில் நினைத்திருக்க வேண்டும்?

இந்த டிசம்பர் 28-ஆம் தேதி மாலை ஒவ்வொரு சபையும் அரைமணி நேர ஆராதனை வைக்கட்டும். மத்தேயு இரண்டை முழுதும் வாசித்து, வெண்மணியையும் வ.உ.சி. நகரையும் பேர் சொல்லி ஜெபிக்கட்டும். இறந்தவர்கள் நம் சபையார் இல்லையே என்று எவராவது கேட்டால், பெத்லகேமில் செத்த பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் ஆகவில்லை என்று சொல்லுங்கள். நாடகத்தில் ஏரோது வந்த பிறகு இன்னும் ஒரு காட்சி சேருங்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பார்கள் பெற்றோர். வ.உ.சி. நகரில் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நம்மைவிட விவரமாகச் சொல்வார்கள். கேரல் ரவுண்ட்ஸில் சேரும் காணிக்கையில் ஒரு பங்கை, ஸ்பீக்கர் வாடகைக்கு முன்பாகவே, மலையடிவாரத்தில் இன்னும் சரிவுக்குக் கீழே குடியிருக்கும் குடும்பங்களுக்கு எடுத்து வைக்கலாம். எவ்வளவு என்பதைச் சபைக் கமிட்டி முடிவு செய்யட்டும். கணக்கை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.