தனியாகவா வந்தீர்கள்?

"தனியாகவா வந்தீர்கள்?" என்று உங்களைக் கடைசியாகக் கேட்டவர் யார்? சற்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டாரா, அல்லது உங்கள் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே கேட்டாரா?

ஆனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், இரண்டு மணி நேரத்துக்குள் இந்தக் கேள்வியை இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். அந்தச் சமாசாரத்தைச் சொல்லத்தான் இந்த வாரம் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

பாவூர்ச்சத்திரத்துக் காய்கறிச் சந்தையைப் பார்த்து எழுதி வரும்படி எங்கள் ஆசிரியர் என்னை அனுப்பியிருந்தார். தென்காசிக்குக் கிழக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். காமராஜர் பெயர் கொண்ட அந்தச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிறது. விடியற்காலையில் போய் நின்றால்தான் விறுவிறுப்பைப் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே முந்திய நாளே திருநெல்வேலியில் செங்கோட்டை ரயிலைப் பிடித்தேன். அம்பாசமுத்திரம் தாண்டி, கடையம் தாண்டி, மேற்கே மலையெல்லாம் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்க, வண்டி ஆடி அசைந்து வந்தது. ஜன்னல் வழியே சாரல் முகத்தில் தெளித்தது. தாம்பூலம் மாற்றப் போகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பார்களே, அந்த மாதிரி.

அந்த உபசாரமெல்லாம் லாட்ஜ் வாசல் வரைக்கும்தான். பக்கத்து ஊர் ஒன்றில் தங்கலாம் என்று போனேன். ஊர் பேரும் வேண்டாம், லாட்ஜ் பேரும் வேண்டாம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஸார் பின்னால வர்றாரா?"

"ஸார் வரவில்லை."

"தனியாவா வந்தீங்க? ரூம் இல்லைம்மா. சீஸன் டயம்."

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற நாளில் அறை கிடைப்பது கஷ்டம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் நான் குனிந்து பெட்டியை எடுப்பதற்குள் ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களுக்கு உடனே சாவி கிடைத்தது! நான் அவரைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார். என்னிடம் ஆதார் அட்டை இருந்தது, பத்திரிகை அடையாள அட்டை இருந்தது, பணமும் இருந்தது. ஒரு கணவர் மட்டும்தான் கைவசம் இல்லை. அவர் சென்னையில் எங்கள் பையனின் கணக்குப் பாடத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

வந்த கோபத்தில் பஸ் ஏறிப் பாவூர்ச்சத்திரத்துக்கே திரும்பினேன். விடிகிற வரைக்கும் எங்கேயாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவது என்று உத்தேசம். இருட்டிவிட்டது. பஸ் நிற்கும் இடத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் என்னையும் என் பெட்டியையும் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"எம்மா, தனியாவா வந்திருக்கிய?"

"ஆமாம்மா."

"சாப்ட்டியளா?"

கேள்வி ஒன்றுதான், பார்த்தீர்களா? ஆனால் அதற்கு அடுத்தபடியாக என்ன வருகிறது என்பதில் அல்லவா விஷயம் இருக்கிறது!

"மழையில நிக்காதிய. டீச்சர் வார பஸ்ஸு இப்ப வந்துரும்" என்று தன் குடைக்குள் எனக்கு இடம் பண்ணினாள். டீச்சர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பூக்காரி என் கதையை, நான் அவளிடம் சொன்னதைவிட நன்றாகவே அவரிடம் சொன்னாள். "வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றார் டீச்சர்.

முன்பின் தெரியாதவர் வீட்டில் போய்த் தங்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் தயங்கினேன். என் கணவருக்குப் போன் செய்து விலாசத்தைச் சொன்னேன். டீச்சரோ, கொஞ்சமும் கூச்சப்படாமல் என் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார். அவருக்கு மட்டும் என்னைத் தெரியுமா என்ன!

தோசையும் எள்ளு மிளகாய்ப் பொடியும் சாப்பிட்டுக்கொண்டே கேட்ட கதைதான் இனி நான் சொல்லப் போவது. டீச்சரைப் போலவே ஏழெட்டுப் பெண்கள் அந்த ஊரிலிருந்து தினமும் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் வேலைக்குப் போய் வருகிறார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண், ஒருத்தி வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள். அவரவர் தனியாகத்தான் புறப்படுகிறார்கள். கொஞ்ச காலம் முன்பு அந்த ஜவுளிக்கடைப் பெண் வேலையை விடப் போவதாகச் சொன்னாளாம். ராத்திரி அவள் இறங்குகிற பஸ்ஸிலேயே ஓர் ஆள் இறங்கி, தெருமுனை வரைக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தான். ஒன்றும் பேசுவதில்லை, வருவான், அவ்வளவுதான். வீட்டில் சொன்னதற்கு, "அப்படியானால் வேலையை விட்டுவிடு" என்றார்கள். அவன் தெருவில் நடப்பதை நிறுத்துவதைவிட இவள் சம்பாதிப்பதை நிறுத்துவது அவர்களுக்குச் சுலபமாகத் தோன்றியிருக்கிறது.

டீச்சர் அவர்களோடு வாதாடப் போகவில்லை. இரண்டு வாரம் அந்தப் பெண் இறங்கும் நேரத்துக்குப் பூக்காரியின் பக்கத்தில் போய் நின்றார். மறுநாள் நர்ஸும் வந்து நின்றாள். பிறகு எதிர்த்த டீக்கடைக்காரரும் பாய்லரை விட்டு வெளியே வந்து நிற்க ஆரம்பித்தார். அந்த ஆளின் பெயர் என்ன, எந்த ஊர் என்றெல்லாம் பூக்காரி விசாரித்து அவனிடமே சொன்னாளாம், "அங்ஙன உங்க அம்மா சௌக்கியமா?" என்று! அதற்குப் பிறகு அவன் வேறு பஸ்ஸில் போகிறான். பெண் வேலைக்குப் போகிறாள்.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. கடைசியாக வருகிறவள் வீட்டுக்குள் நுழைந்ததும் டீச்சருக்கு ஒரு 'மிஸ்டு கால்' கொடுக்க வேண்டும். ஊருக்குப் புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் முதல் வாரம் அவள் பக்கத்தில் ஒருத்தி உட்கார வேண்டும். எழுதி வைத்த சட்டமில்லை, சந்தாவுமில்லை. ஆனால் அன்று ராத்திரி மிஸ்டு கால் வரப் பத்து நிமிஷம் தாமதமானபோது டீச்சர் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். போன் கூவிய பிறகுதான் அடுத்த தோசை விழுந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மூலையில் படுத்திருந்தார் டீச்சரின் மாமியார். லாட்ஜ் சங்கதியைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சத்திரம்னு பேர் வச்ச ஊருக்குப் பக்கத்துல, வந்தவள வெளிய நிறுத்தலாமாட்டி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊரின் பெயரைக் காலையிலிருந்து நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயருக்குள் ஒரு சத்திரம் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை!

ரயில் இந்தப் பக்கம் வந்தது 1903-ல்தான். அதற்கு முன்பு நடையும் மாட்டுவண்டியும்தான். நடந்து களைத்தவனுக்குத் திண்ணை, தண்ணீர்ப் பந்தல், சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலையும் கட்டிய சத்திரமும் இன்றும் பேச்சில் இருக்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரில் சத்திரம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். அரண்மனைப் பெண்களின் பெயர்கள்! தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று விவரித்திருக்கிறார். குழந்தைகளுக்கு ராத்திரியானாலும் பால் உண்டு. வழியில் நோய் கண்டவர்களுக்கு வைத்தியம் உண்டு. கர்ப்பிணிகளுக்குச் சொந்த வீட்டில் போலப் பராமரிப்பு உண்டு. பிரயாணத்தில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன வரக்கூடும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். தலைச்சுமையை இன்னொருவர் கை கொடுக்காமலே இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். தனியாக நடப்பவருக்கென்றே செய்த ஏற்பாடு அது.

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. 1904-ல் ஈரோட்டிலிருந்து வீட்டில் கோபித்துக்கொண்டு காசிக்குப் போன ஓர் இளைஞரைச் சத்திரத்து வாசலில் நிறுத்தி, ஜாதியைக் காட்டிச் சோறில்லை என்று சொல்லிவிட்டார்கள். பசி தாங்காமல் எச்சில் இலையில் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டார் அவர். பெரியார் ஈ.வெ.ரா.தான் அந்த இளைஞர். சத்திரத்துக்குக் கதவு இருந்தது. அந்தக் கதவு சிலருக்குச் சாத்தியும் இருந்தது. என்னைத் திருப்பி அனுப்பிய லாட்ஜ்காரர் ஒருவிதத்தில் அந்தப் பரம்பரைதான்.

ஆனால் 1950 ஜனவரியிலிருந்து அவர் அப்படிச் சொல்ல வழியில்லை. அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடைக்குள்ளோ ஹோட்டலுக்குள்ளோ யாரையும் வரவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாவற்றுக்கும் அப்படியே. பெண் என்பதற்காக வாசலில் நிறுத்துவதும், ஜாதிக்காக நிறுத்துவதும் அங்கே ஒரே வரியில் வருகின்றன. அடுத்த தடவை யாராவது என் தோளுக்குப் பின்னால் பார்த்தால் இந்தப் பிரிவைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

ரயில்வே சட்டத்திலும் நமக்கு ஒரு சங்கதி இருக்கிறது. 1989-ஆம் வருஷத்துச் சட்டம், 139-ஆம் பிரிவு. டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவள் ஆண் துணையில்லாத பெண்ணாக இருந்தால், கண்ட ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. அவள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஸ்டேஷன், அல்லது ஜில்லாத் தலைநகரம், இவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில்தான். தனியாக வரும் குழந்தைக்கும் இதே பாதுகாப்பு. ஆகவே வழியில் அகப்பட்டவளை நடு ராத்திரியில் பாவூர்ச்சத்திரத்தில் இறக்கிவிட முடியாது. ஜங்ஷனும், 2019 முதல் ஜில்லாத் தலைநகருமான தென்காசியில்கூட விடியும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். இதைப் படித்துவிட்டு டிக்கெட் வாங்காமல் ஏறிவிடாதீர்கள்! அபராதம் அபராதம்தான். ரயிலில் உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்ணும் 139-ஆகவே அமைந்திருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம். பெண்களுக்கான உதவி எண் 181.

ஜெர்மனியில் 1894-லேயே ஒரு காரியம் செய்தார்கள். கிராமத்திலிருந்து வேலை தேடி பெர்லினுக்கு ரயிலில் வந்து இறங்கும் இளம் பெண்களை மோசக்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விடாதபடி, ஸ்டேஷனிலேயே காத்திருந்து நல்ல தங்குமிடத்துக்கு அழைத்துப் போக ஒரு சேவை ஆரம்பித்தார்கள். இன்றும் அந்நாட்டு ஸ்டேஷன்களில் அது நடக்கிறது. நம் ரயில்வே பாதுகாப்புப் படையும் 2020-ல் 'மேரி சஹேலி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 'என் தோழி' என்று அர்த்தம். தூரதேச ரயிலில் தனியாகப் போகும் பெண்ணைப் புறப்படும் ஸ்டேஷனிலேயே பெண் போலீஸார் பார்த்துப் பேசி, பெட்டியையும் இருக்கையையும் குறித்துக்கொண்டு, வழியில் விசாரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனை வரைக்கும் நடக்கிறவளுக்குப் பூக்காரியையும் டீச்சரையும் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. போகிற செலவு மிச்சம். இறங்குகிற இடத்தில் வெளிச்சமும் ஒரு தெரிந்த முகமும் வேண்டுமே!

டீச்சரிடம் கேட்டேன், "இத்தனை பேரையும் எப்படிச் சேர்த்தீர்கள்?" என்று. "சேக்கவெல்லாம் இல்ல. ஒருத்தி பேர ஒருத்தி கேட்டோம். அவ்வளவுதான்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. சென்னையில் நான் ஆறு வருஷமாக ஒரே மின்சார ரயிலில் ஒரே பெண்கள் பெட்டியில் போகிறேன். எதிரே உட்காரும் பச்சைப் பை அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் எப்படி?

மறுநாள் சந்தையைப் பார்த்து முடித்துவிட்டு (அந்தக் கத்தரிக்காய் மலைகளைப் பற்றித் தனியே எழுதுகிறேன்) குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் தனியாகப் போனவளுக்கு அங்கே ஒரு சிக்கல். பையை, செருப்பை, மாற்றுப் புடவையை யாரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் நிற்பது? கரையிலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்து, கேட்காமலே தன் பையை என் கையில் வைத்தாள். "அக்கா, கொஞ்சம் பார்த்துக்கோங்க. அஞ்சே நிமிஷம்!"

அஞ்சு நிமிஷம் அரை மணியாயிற்று. சாரலில் நான் பாதி நனைந்துவிட்டேன். தலை சொட்டச் சொட்ட வந்தவள் பையை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "தனியாவா வந்தீங்க?"

"ஆமாம்."

"நானுந்தான். கொண்டாங்க உங்க பைய. போய்க் குளிச்சிட்டு வாங்க. ஓரமா நில்லுங்க, நடுவுல தண்ணி அடி பலமா இருக்கு."