வாய் பேசாத பகிடி

ஆடல் என்றால் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பார்க்கவேண்டிய ஒன்று என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். மேடையில் ஆடுபவர் வியர்த்து விறுவிறுக்க ஆடுவார். கீழே இருக்கும் நாம் விளங்கியும் விளங்காமலும் தலையாட்டிவிட்டு, முடிந்ததும் கை தட்டிவிட்டு எழுந்து வருவோம். பாலே என்றால் கேட்கவே வேண்டாம். அது வெள்ளைக்காரருக்கும் கறுவாத்தோட்டத்துப் பணக்காரருக்கும் உரிய சங்கதி. வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருப்பவருக்கும் கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருப்பவருக்கும் அதில் என்ன வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஆனால் பாலேயில் ஒரு வகை இருக்கிறது. வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பதற்கென்றே ஆடப்படுவது அது. நகைச்சுவை பாலே என்று சொல்லலாம். நமது பேச்சில் சொன்னால் பகிடி ஆட்டம். அதை ஒரு தடவையாவது மண்டபத்தில் நேரே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்பது என் கட்சி. கைத்தொலைபேசியில் பார்ப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

1789 ஜூலை முதலாந் திகதி, பிரான்ஸின் போர்தோ நகரில் ஒரு பாலே மேடையேறியது. இரண்டு கிழமை கழித்து பரிஸில் பஸ்தீல் சிறை உடைந்தது. ராஜாக்களையும் தேவதைகளையும் ஆடிக்கொண்டிருந்த மேடையில் அன்று ஆடியவர்கள் வயற்காட்டு மனிதர்கள். கதை மிகச் சிறியது. ஒரு விதவைத் தாய். அவளுக்கு ஒரு மகள். காசுள்ள வீட்டு அசட்டுப் பையனுக்கு மகளைக் கட்டிக்கொடுக்கத் தாய் திட்டம் போடுகிறாள். மகளோ அயலில் உள்ள ஓர் ஏழை உழவனை விரும்புகிறாள். தாய் கதவைப் பூட்டுகிறாள், மகள் சாவிக்கு வழி பார்க்கிறாள். இவ்வளவுதான். 'காவல் தவறிய பெண்' என்ற பொருளில் அமைந்த பெயருடன் இன்றும் உலகெங்கும் அது ஆடப்படுகிறது. 1960இல் லண்டனில் பிரடெரிக் அஷ்டன் அதைப் புதிதாக அமைத்தபோது கோழிகளையும் ஆட வைத்தார். தாயின் வேடத்தை ஓர் ஆண் கட்டி, மரச் செருப்புடன் தாளம் போடுவார். அந்த அசட்டுப் பையன் எங்கே போனாலும் குடையைக் கைவிடமாட்டான். இந்தக் கதைக்கு நமது வீடுகளில் விளக்கவுரை தேவையா? சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நித்திரைக்குப் போகும் உம்மம்மாவை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்!

இன்னொன்று 1870இல் பரிஸில் முதன்முதல் ஆடப்பட்ட 'கொப்பேலியா'. ஒரு கிழட்டு மந்திரக்காரர் இயந்திரப் பொம்மை ஒன்றைச் செய்து மாடியில் வைக்கிறார். கையில் புத்தகத்துடன் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பொம்மையைப் பெண் என்று நம்பி ஓர் இளைஞன் மயங்குகிறான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஒருத்தி உயிரோடு, கோபத்தோடு, குறும்போடு பக்கத்திலேயே நிற்கிறாள். பேசாத, எதிர்க்கேள்வி கேட்காத, எப்போதும் அழகாக உட்கார்ந்திருக்கும் பொம்மைதான் அவனுக்குப் பிடித்திருக்கிறது. பெண்கள் கல்லூரியின் சஞ்சிகையில் இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. அந்தப் பெண் என்ன செய்கிறாள் தெரியுமா? தோழிகளுடன் கிழவரின் வீட்டுக்குள் களவாகப் புகுந்து, பொம்மையின் உடுப்பைத் தான் போட்டுக்கொண்டு, பொம்மை போலவே நடித்து இருவரையும் முட்டாளாக்குகிறாள்.

இந்தக் கதையை நான் லயனல் வென்ட் அரங்கில் பார்த்தேன். புகைப்படக் கலைஞரும் பியானோ வாசிப்பவருமாக இருந்து 1944இல் காலமான லயனல் வென்ட்டின் நினைவாக 1953இல் திறக்கப்பட்ட மண்டபம் அது. ஆடியவர்கள் கொழும்புப் பிள்ளைகள், மாணவிகள். லண்டன் ஆட்டக்காரருக்கு ஈடு என்று சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையின் தொப்பி கழன்று விழுந்தது, இன்னொன்று திரும்பவேண்டிய பக்கத்தை விட்டு மறுபக்கம் திரும்பியது. இரண்டாவது அங்கத்தில் பெண்கள் எல்லாரும் பட்டறைக்குள் புகுந்து பொம்மைகளுக்குச் சாவி கொடுத்து விளையாடுகிறார்கள். பின்னால் கதவருகே கிழவர் வந்து நிற்கிறார். அவர்கள் காணவில்லை. மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது முன் வரிசையிலிருந்து ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களப் பிள்ளை எழுந்து நின்று, "அக்கே, எனவா!" என்று கத்தியது. அக்கா, வருகிறார்!

மண்டபம் வெடித்தது. மேடையில் நின்ற பெண் தூக்கிய காலை இறக்கவில்லை. கேட்காதது போல, ஆனால் கேட்டுவிட்டவளாக, அரைக் கணம் அப்படியே நின்றாள். சிரிப்பு சற்று அடங்கியதும் காலை மெல்லக் கீழே வைத்தாள். அந்தக் கால் தரையைத் தொட்டபோது முதலில் சிரித்ததை விட இரண்டு மடங்கு சிரித்தோம். அந்த அரைக் கணம் எந்தப் பயிற்சியிலும் இருந்திராது. அடுத்த நாள் ஆட்டத்திலும் இருந்திராது. அந்தச் சின்னப் பிள்ளையும் அந்த ஆட்டக்காரியும் சேர்ந்து, மண்டபத்திலிருந்த எங்களுக்காக அங்கேயே உண்டாக்கியது அது.

வீட்டுக்கு வந்து யூடியூப்பில் அதே கட்டத்தை, மிகப் பெரிய குழு ஒன்று ஆடியதை, மகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஆட்டம் ஆயிரம் மடங்கு சுத்தம். மூன்று நிமிடத்தில் விரலால் தள்ளிவிட்டு வேறொன்றுக்குப் போய்விட்டாள். குற்றம் அவளுடையதல்ல. திரைக்குள் இருக்கும் ஆட்டக்காரி நாம் சிரித்தாலும் நிற்கமாட்டாள், சிரிக்காவிட்டாலும் நிற்கமாட்டாள். பகிடிக்கு நேரம் உயிர். எப்போது திரும்பவேண்டும், எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கவேண்டும் என்பதைப் பார்ப்பவரின் மூச்சைக் கேட்டே ஆடுபவர் தீர்மானிக்கிறார். இன்னொன்றையும் கவனித்தேன். தடுக்கி விழுவதுபோல் ஆடுவது, தடுக்காமல் ஆடுவதை விடக் கடினம். உடல் முழுவதும் கட்டுக்குள் இருந்தால்தான் கட்டுப்பாடு இழந்ததாகக் காட்ட முடியும். பத்து வருடப் பயிற்சியை ஒருத்தி நம்மைச் சிரிக்க வைப்பதற்காகச் செலவழிக்கிறாள் என்பதைக் கண் முன்னே காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

என் பக்கத்து ஆசனத்தில் வயதான ஒரு சிங்கள அம்மா இருந்தார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகவே போகும் அனுபவம் எமக்கு உண்டு. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. அன்று அந்த அம்மா சிரித்த அதே நொடியில் நானும் சிரித்தேன், அவர் என் கையைத் தட்டினார். வசனம் இருந்திருந்தால் ஒன்று அது ஆங்கிலமாக இருந்திருக்கும், அல்லது சிங்களமாக. தமிழ் மொழிமூலம் படிக்கும் நம் பிள்ளைகள் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு நொடி பிந்திச் சிரித்திருப்பார்கள். பிந்திச் சிரிப்பது என்னவென்று அரச அலுவலகங்களின் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். வாய் பேசாத ஆட்டத்தில் அந்தப் பிந்தல் இல்லை. ஒரு சிரிப்பால் நாட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஒரே நொடியில் சிரிப்பது என்பது நாட்டில் அரிதாகிப்போன ஒன்று என்று மட்டும் சொல்கிறேன்.

பாலே நமக்கு அந்நியம் என்பவர்களுக்கு ஒரு சேதி. பகிடி ஆட்டம் நமது தெற்குக் கரையின் சொந்தச் சரக்கு. காலிப் பக்கம் போகும் கரையோர ரயிலில் அம்பலாங்கொடையில் இறங்கினால், 1987இல் திறக்கப்பட்ட அரியபால முகமூடி அருங்காட்சியகத்தில் அதன் முகங்களைக் காணலாம். 'கோலம்' என்பது அந்த ஆட்டத்தின் பெயர். வேடம் என்ற பொருளில் நாமும் வழங்கும் அதே சொல்தான். அதன் பிறப்புக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மகா சம்மத மன்னனின் அரசி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள். அவளுக்கு மசக்கை ஆசை. மாங்காய் கேட்கவில்லை, புளி கேட்கவில்லை. முகமூடி ஆட்டம் பார்க்கவேண்டும் என்கிறாள். அப்படி ஒன்று உலகில் எங்கும் இல்லை. கடைசியில் தேவலோகத்துச் சிற்பி செய்த முகமூடிகள் அரச தோட்டத்தில் கிடக்கின்றன. அதைப் பார்த்து ஆடி அரசியைச் சிரிக்க வைக்கிறார்கள். ஒரு பெண் ஆசை தீரப் பார்த்துச் சிரிப்பதற்காகவே பிறந்த கலை என்கிறது அந்தக் கதை.

ஆட்டத்தில் அரசர் உடனே வந்துவிடமாட்டார். அவர் வரப்போகிறார் என்று அறிவிக்க வரும் கிழட்டுப் பறையறைவோன் நல்ல வெறியில் வருவான். அவனைத் தேடிக்கொண்டு வருவாள் அவனுடைய மனைவி நொஞ்சி அக்கா. போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்கு மூக்கு உடைந்திருக்கும், பல் போயிருக்கும், முகத்தில் அட்டை தொங்கும். சலவைக்கார ஜசயாவும் மனைவி லெஞ்சினாவும் சண்டை பிடிப்பார்கள். அதிகாரமுள்ள முதலியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார்; அந்த நிமிர்வே பகிடி. இந்தக் கோலத்தை எடுத்துத்தான் சித்ரசேன 1978இல் 'கிங்கிணி கோலம' என்ற பாலேயை அமைத்தார். கிங்கிணி என்பதும் நமக்குத் தெரிந்த சொல்லே. 1944இல் கொழும்பில் நடனப் பள்ளி தொடங்கிய அவரும், அவருடைய துணைவியார் வஜிராவும் சிங்கள பாலேக்கு ஒரு மேடையைக் கட்டியெழுப்பியவர்கள். சிறுவர்களுக்கென்றே பாலேக்களை அமைத்த வஜிராவுக்கு இந்திய அரசு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதை வழங்கியது.

எல்லாப் பகிடியும் நல்ல பகிடி என்று நான் சொல்லவில்லை. கண்டிப் பக்கத்துச் 'சொக்கரி' ஆட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்த குருஹாமியும் வேலைக்காரன் பச்சமீராவும் சிங்களத்தைக் கொச்சையாகப் பேசுவது ஒரு முக்கியமான சிரிப்பு. வந்தேறியின் நாக்கு பிசகுவதைப் பார்த்துச் சிரிப்பது. நமது நாடகங்களும் இதற்குக் குறைந்தவையல்ல. சிங்களவரும் செட்டியாரும் மலையாளியும் தமிழ் பேசும் விதத்தை வைத்து எத்தனை பாடசாலை மேடைகளில் கைதட்டு வாங்கியிருக்கிறோம்! நாக்கைப் பார்த்துச் சிரிக்கும்போது யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். முதலியாரின் நிமிர்வையும் கிழவரின் தள்ளாட்டத்தையும் பார்த்துச் சிரிக்கும்போது வெளியே நிற்பதற்கு ஆள் இல்லை. அந்த நிமிர்வு என் வீட்டிலும் இருக்கிறது.

தமிழிலும் இதற்கு வேர் உண்டு. மட்டக்களப்பின் மகிடிக் கூத்து மந்திரப் போட்டியையே பகிடியாக்கியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்துகளைப் புதுப்பித்தபோது 1962இன் 'கர்ணன் போர்'க்கு அடுத்த வருடம் அவர் மேடையேற்றியது 'நொண்டி நாடகம்'. காலிழந்த ஒருவன் நொண்டி நொண்டி ஆடிக்கொண்டே தன் திருட்டுக் கதையைத் தானே பாடிச் சொல்லும் இலக்கிய வகை அது. அந்த வகையில் 'சீதக்காதி நொண்டி நாடகம்' ஒன்றும் உண்டு என்பதை நம் மாணவிகள் அறிவார்களா? கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் புகழ்ந்து எழுந்தது. வள்ளலைப் புகழ ஒரு பகிடிக்காரனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

பெற்றோர் சிலர் என்னிடம் நேரே கேட்டதுண்டு: இதெல்லாம் நமக்குத் தகுமா டீச்சர்? நியாயமான கேள்வி. உடை, நேரம், கூட வருபவர் யார் என்பதெல்லாம் பார்க்கப்படவேண்டியவைதாம். எல்லா ஆட்டத்துக்கும் பிள்ளையைக் கூட்டிப் போகவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்; முன்கூட்டி விசாரித்து, தகாததை விட்டுவிடுவது எளிது. ஆனால் ஒரு ஹதீஸை நினைவூட்டுகிறேன். பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளுடன் விளையாடிக் காட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் மறைத்து நிற்க, ஆயிஷா (ரழி) அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமாகப் போதும் என்று ஆகும்வரை பார்த்தார்கள். இதை வைத்து எல்லா மேடைக்கும் அனுமதிச் சீட்டு எழுத நான் ஆலிமா அல்ல. ஓர் இளம் பெண் வேடிக்கை பார்க்க விரும்பியபோது அவசரப்படுத்தாமல் ஒருவர் காத்து நின்றார் என்பது மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. நாம் நம் பிள்ளைகளை எவ்வளவு அவசரப்படுத்துகிறோம்! டியூஷன் முடிந்தால் குர்ஆன் மத்ரஸா, அது முடிந்தால் கடந்தகால வினாத்தாள். நடுவில் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டால், "பொம்பிளைப் பிள்ளை இப்படிச் சிரிக்கலாமா?" என்று குசினியிலிருந்து ஒரு குரல்.

உண்மையான தடை நேரம் என்றே எனக்குப் படுகிறது. ஆட்டங்கள் பெரும்பாலும் மாலையில், மஃரிபை ஒட்டித் தொடங்குகின்றன. ஆகவே பிற்பகல் காட்சி ஒன்றைக் கேட்டுப் பெறவேண்டும். ஒரு பாடசாலை மொத்தமாக வருகிறது என்றால் எந்தக் குழுவும் யோசிக்கும். அல்லது கோலம் ஆடும் குழு ஒன்றை நமது மண்டபத்துக்கே அழைக்கலாம். முகமூடியும் உடல் மூடிய உடையும் அணிந்து ஆடும் கோலங்களில் நமக்கு ஏற்றவற்றைத் தெரிவு செய்வது பெரிய காரியமல்ல. அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டத்தில் இதை முன்வைக்க எண்ணியிருக்கிறேன். வெளியே போவதென்று முடிவானால் ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போகலாம். பத்து ஆசனமாவது உம்மாமாருக்கு ஒதுக்கவேண்டும். உம்மம்மாமாரும் கேட்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.