டத்தோ பண்டார் அவர்களே, பறவைகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

மதிப்பிற்குரிய பெட்டாலிங் ஜெயா டத்தோ பண்டார் அவர்களுக்கு,



செப்டம்பர் பாதி கழிந்ததும் சைபீரியா, மங்கோலியா, வடகிழக்குச் சீனப் பக்கங்களிலிருந்து நம் ஊருக்குப் பறவைகள் வந்து இறங்குகின்றன. பழுப்புக் கீச்சான் அவற்றில் ஒன்று. மைனாவைவிடச் சிறியது, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை ஓடும். திடலோர வேலியில் தனியாக உட்கார்ந்து, வாலை ஆட்டியபடி புல்லையே பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளி அசைந்தால் பாய்ந்து கவ்விக்கொண்டு திரும்பவும் வேலிக்கே வந்துவிடும். ஏப்ரல் வாக்கில் கிளம்பும்வரை அந்த இடம் அதனுடையது, இன்னொரு கீச்சானை அண்டவிடாது.

ஆண்டில் பாதிக்கு மேல் நம்மோடு வாழும் இந்தப் பறவையைப் பற்றி, அது முட்டையிடும் வடக்கு நாடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஜப்பானில் கீச்சான் கூடு கட்டும் பகுதிகள் நூறாண்டுகளில் பெருமளவு சுருங்கிவிட்டன என்று சொல்ல முடிவது பழைய பதிவுகள் இருப்பதால்தான். அதுபோல, வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கின் முதுகெலும்பு, 1966 முதல் ஆண்டுதோறும் அதே சாலைகளில், அதே இடங்களில் நின்று தன்னார்வலர்கள் எடுத்த எண்ணிக்கை. வடக்கே இருப்பவர்கள் எழுதுவது கோடை மாதங்களை. மீதி மாதங்களை எழுத வேண்டியவர்கள் வலசைப் பாதையின் தெற்கில் இருக்கும் நாம்.

மலேசியாவில் இந்த வேலை புதிதல்ல. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஜனவரிதோறும் நம் ஆர்வலர்கள் சேற்றில் இறங்குகிறார்கள். வடக்கே பினாங்கின் தெலுக் ஆயர் தாவார் கரையிலும், இங்கே கோல சிலாங்கூரிலும் உள்ளான்களை எண்ணுகிறார்கள். சுமத்ராவிலிருந்து நீரிணை தாண்டி வடக்கே திரும்பும் தேன்பருந்துகளை எண்ண, மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவானில் கூட்டமே கூடுகிறது. வீட்டுத் தோட்டப் பறவைகளை எண்ணும்படியும் மலேசிய இயற்கைக் கழகம் பொதுமக்களை அழைத்திருக்கிறது. ஆனால் எந்த மரத்தை எப்போது கழிப்பது, எந்த ஏரிக்கரையைத் தூர்வாருவது, எந்தப் புல்வெளியில் கார் நிறுத்துமிடம் கட்டுவது என்று முடிவு செய்யும் அதிகாரிகளின் மேசைக்கு இந்தக் கணக்கு வர வேண்டுமானால், மாநகர மன்றமே அதைக் கையில் எடுக்க வேண்டும்.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காக்கையைப் பாருங்கள். காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுக்களை ஒழிக்க, 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது அது. நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்துகொண்டிருந்த காலம். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பரும் போனது, காக்கை மட்டும் பெருகிக்கொண்டே இருந்தது. வலசைக்கு வந்து போன குயிலும் காக்கைக் கூட்டில் முட்டையிட்டு இங்கேயே தங்கிவிட்டது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் காக்கைகளைச் சுட்டுக் குறைக்கிறார்கள். சுட்டவை எத்தனை என்று செய்தித்தாளில் படிக்கிறோம். மிஞ்சியவை எத்தனை, அடுத்த ஆண்டு எத்தனை என்று தெரிந்தால்தானே, செலவழித்த தோட்டாவுக்குப் பலன் உண்டா என்று சொல்ல முடியும்?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. தாமான் ஜெயா ஏரி, கெலானா ஜெயா ஏரிப் பூங்கா, புக்கிட் காசிங் காட்டுப்பாதை இவற்றில் நிலையான நிற்குமிடங்களைக் குறியுங்கள். மாதம் ஒரு காலை, விடிந்ததும், ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நின்றால் போதும். பார்த்தது, கேட்டது, எத்தனை, மணி என்ன, மழையா வெயிலா என்று எழுத வேண்டும். ஒன்றுமே வராத காலையையும் 'இல்லை' என்று எழுதியாக வேண்டும். பலர் விட்டுவிடும் இந்த 'இல்லை'தான் பின்னாளில் ஒரு பறவை எப்போது நம்மைவிட்டுப் போனது என்று சொல்லும்.

எண்ணுவதற்கு ஆள் இருக்கிறார்கள். அதிகாலையில் ஏரியைச் சுற்றி நடக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு மீன்கொத்தி எந்தக் கிளையில் உட்காரும் என்று தெரியும். பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950களில் இந்த நகரம் எழுந்தது எஃபிங்ஹாம் ரப்பர் தோட்ட மண்ணில். அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி பண்டார் உத்தாமாவில் இன்றும் நடக்கிறது. அங்கே நான்காம் ஆண்டில் எண்ணத் தொடங்கும் பிள்ளை இடைநிலைப்பள்ளியை முடிப்பதற்குள், தன் பேட்டையைப் பற்றி ஏழெட்டு ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்திருக்கும்.

இப்படியொரு பதிவேடு மன்றத்திடம் ஏற்கெனவே இருந்தால், பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். இல்லையென்றால் வரும் அக்டோபரில் தொடங்குங்கள், கீச்சான்கள் வந்து சேர்ந்திருக்கும். மரம் கழிக்கும் அட்டவணையைப் போடுமுன் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும்படி பூங்காப் பிரிவுக்கு உத்தரவிடுங்கள். ஊர்ப்பறவைகளில் பலவும் ஆண்டின் முற்பாதியில்தான் கூடு கட்டுகின்றன. கூடுள்ள கிளையைச் சில வாரம் தள்ளி வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை. முதல் மாதக் கணக்கெடுப்புக்குத் தாங்களும் வர வேண்டும் என்பது என் தனிப்பட்ட விண்ணப்பம்.

இப்படிக்கு,
பெட்டாலிங் ஜெயா வாசி ஒருவர்