கருவி வெறும் கருவிதானா? தோட்டா மறுநிரப்புப் பொறியும் ஒரு சட்டச் சொல்லும்

வீட்டில் தோட்டா மறுநிரப்ப எந்தப் பொறியை வாங்குவது என்பது அமெரிக்கத் துப்பாக்கிப் பொழுதுபோக்காளர்களின் பழைய கேள்வி. விலை, வேகம், உறுதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு விடை சொல்லும் வழிகாட்டிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அவ்விடைகள் பெரும்பாலும் சொல்லாமலே ஒன்றை முடிவு செய்துவிடுகின்றன: பொறி வெறும் கருவி; பயன்படுத்துவோரின் ஒழுக்கத்துக்கு அப்பால் அதற்கென ஒரு குணமும் கிடையாது. இந்த முடிவு இரண்டு இடங்களில் தோற்கிறது. ஒன்று, பட்டறை மேசை. மற்றொன்று, இந்தியச் சட்டப் புத்தகம்.

முதலில் மேசை. சுடப்பட்ட தோட்டாவில் எஞ்சி நிற்பது பித்தளை உறை. தோட்டாவின் உறுப்புகளுள் விலை மிகுந்ததும் அதுவே. மறுநிரப்பலின் சிக்கனம் அதில்தான் தொடங்குகிறது. பழைய பிரைமரை நீக்குதல், விரிந்த உறையை அளவுக்குக் கொணர்தல், புதிய பிரைமரைப் பொருத்துதல், வெடிமருந்து இடுதல், குண்டை அமர்த்துதல் என வேலை படிப்படியாக நடக்கிறது. ஒற்றைநிலைப் பொறியில் நெம்புகோலின் ஓர் இழுப்பு ஒரு படியை மட்டுமே செய்யும். சுழல்தலைப் பொறியில் அச்சுகள் தலையோடு சுழல, ஓர் உறை எல்லாப் படிகளையும் அடுத்தடுத்துக் கடக்கும். புரோகிரசிவ் பொறியிலோ பல உறைகள் ஒரே நேரத்தில் பல படிகளில் நிற்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வந்து விழும்.

இவ்வேறுபாட்டை வேகம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவதுதான் வழிகாட்டிகளின் பிழை. இங்கே மாறுவது கவனத்தின் இருப்பிடம். .38 ஸ்பெஷல் தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். கரும்பொடிக் காலத்து அளவில் அமைந்த நீண்ட உறை அது. இன்றைய புகையில்லா மருந்து, இலக்குச் சுடுதலுக்கான அளவில், அவ்வுறையின் அடியில் சிறு இடத்தையே பிடிக்கும். தவறுதலாக இரண்டு மடங்கு மருந்து விழுந்தாலும் உறை வழியாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சுடும்போது துப்பாக்கியே சிதறக்கூடும். ஒற்றைநிலைப் பொறியில் வேலை செய்பவர் மருந்திட்ட ஐம்பது உறைகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் வாயையும் நோக்கிய பிறகே குண்டை அமர்த்துகிறார். புரோகிரசிவ் பொறியில் அந்த நோக்கலுக்குக் கிடைப்பது ஒரு கணம். ஆர்.சி.பி.எஸ். நிறுவனம், மருந்தளவு பிசகினால் பொறியையே பூட்டி நிறுத்தும் தனி அச்சு ஒன்றை விற்கிறது. கண் இழந்த வேலையை ஈடுகட்ட இன்னொரு கருவியை விற்க வேண்டியிருக்கிறது என்றால், முதற்கருவி நடுநிலையானது என்று எவ்வாறு வாதிட முடியும்?

சொல்லும் இதில் பங்காளி. படிப்படியாக முன்னேறுவது என்ற தொழில்நுட்பப் பொருளில்தான் அப்பொறிக்கு புரோகிரசிவ் என்று பெயர். எந்தத் தமிழரும் அதை முற்போக்குப் பொறி என்று பெயர்க்கப் போவதில்லை. எனினும் அச்சொல்லின் பொதுவழக்கு ஒளி பொறியின்மீதும் விழுகிறது; ஒற்றைநிலைப் பொறி அதனருகே பின்தங்கியதாகத் தோன்றுகிறது. தமிழ் இவ்விடத்தில் கூர்மையான எச்சரிக்கை ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. நோய் தீர்ப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்து. மறுநிரப்புவோர் மருந்தை அளக்கும் கிரெய்ன் என்ற அலகும் பழைய ஆங்கில மருந்துக்கடைகளில் வழங்கிய அதே அலகுதான். ஏறத்தாழ 65 மில்லிகிராம். அளவே உயிர் என்னும் இரு தொழில்களில், வேகத்தை முதற்பண்பாகப் போற்றுவது ஒன்றில் மட்டும் எப்படி நியாயமாகும்?

இனிச் சட்டம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோட்டா, உறை, பிரைமர், குண்டு, உந்துமருந்து ஆகியவற்றை வெடிபொருள் என வரையறுக்கிறது. பொறி அப்பட்டியலில் இல்லை. சொந்தப் பயனுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமமும் தேவையில்லை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ 2(1)(பி) பிரிவில், வெடிபொருளைத் தயாரிக்கும் இயந்திரத்தையும் வெடிபொருள் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்க்கிறது. ஆக்கும் கருவி ஆக்கப்படும் பொருளின் பெயரைப் பெறுகிறது. வரையறையில் ஒரு சொல் உள்ளடங்கினால் அதன் விளைவுகளும் உடன் வரும்: வைத்திருப்பதற்கு 3ஆம் பிரிவு, தயாரிப்பதற்கு 5ஆம் பிரிவு, இறக்குமதிக்கு 10ஆம் பிரிவு என எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். 5ஆம் பிரிவை மீறித் தயாரிப்போருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குறைந்தது ஏழாண்டு, மிகுதியாக வாழ்நாள் சிறை. அமெரிக்க வழிகாட்டியை நம்பி, இது வெறும் இரும்புச் சாமான் என்று ஒரு மாணவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், அவர் வரவழைப்பது சட்டத்தின் மொழியில் வெடிபொருள்.

இதற்கு எதிராக விளையாட்டின் பெயரால் ஒரு வாதம் எழுவதுண்டு: வீரர்கள் பதக்கம் வெல்ல மலிவான தோட்டா வேண்டாமா? வாதத்தின் உணர்ச்சி உண்மையானது, கணக்கு தவறானது. 2024 பாரிஸ் வரை இந்தியா ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் வென்ற பதக்கங்கள் ஏழு. அபினவ் பிந்த்ரா, ககன் நாரங், மனு பாக்கர், மனு பாக்கர் - சரப்ஜோத் சிங் இணை ஆகியோரின் நான்கு பதக்கங்களும் காற்றழுத்தத் துப்பாக்கிக்கு உரியவை. அங்கே மருந்தே இல்லை. விஜய் குமார், ஸ்வப்னில் குசாலே ஆகியோர் சுட்டது .22 விளிம்பு வெடிப்புத் தோட்டா. பற்றவைக்கும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் இப்பொறிகள் எதிலும் அதை மறுநிரப்ப முடியாது. எஞ்சுவது 2004இல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வென்ற வெள்ளி மட்டுமே. மையவெடிப்புப் பிஸ்டல், 300 மீட்டர் ரைஃபிள் போன்ற ஒலிம்பிக் அல்லாத போட்டிகளில் மறுநிரப்பலுக்கு மெய்யான இடமுண்டு. அவ்வீரர்களின் தேவையைப் பேச வேண்டும்; ஆனால் பிந்த்ராவின் தங்கத்தைக் காட்டிப் பேசக் கூடாது.

சட்டத்திலும் குறை உண்டு. சுத்தியலால் தட்டி ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பும் கைக்கருவிக்கும் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் அவ்வரையறை ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. தரம் பிரிக்காத சொல், தண்டனையையும் தரம் பிரிக்காமல் வழங்கும் இடர் உடையது. இதைத் திருத்தக் கோருவது நேர்மையான கோரிக்கை. ஆனால் அக்கோரிக்கையை முன்வைப்போர், கருவிகள் தம்முள் வேறுபட்ட குணமுடையவை என்பதை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். எல்லாம் வெறும் கருவி என்போருக்குத் தரம் பிரிக்கக் கேட்கும் தகுதி இல்லை.

ஆகவே விடை இரண்டு. சட்டம் இடங்கொடுக்கும் நாட்டில் புதிதாகத் தொடங்குபவர் வாங்க வேண்டியது ஒற்றைநிலைப் பொறி. அது மெதுவானது என்பதே அதன் சிறப்பு. ஒவ்வோர் உறையையும் கண்ணால் காண அது கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவில் இருப்பவருக்கோ எந்தப் பொறி என்ற கேள்வி இன்னும் பிறக்கவேயில்லை. உரிமம் உண்டா என்பதே இங்கு முதற்கேள்வி. அதற்கு முன் விலைப்பட்டியலைத் திறப்பவர் சட்டத்தின் வரையறையையே படிக்காதவர்.